மரத்தில் படாத வெட்டு

நான் செதுக்கிய முதல் சிற்பத்தை வண்டு தின்றது.

அலங்காரமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தின்றது. ஒன்றரை அடி உயரத்தில் அம்மையின் முகம். ரப்பர் மரம். 1997-ல் நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து செதுக்கியது. அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் அலமாரிக்குக் கீழே, தரையில், மைதா மாவு போல ஏதோ சிறு கூம்பாகக் குவிந்திருந்தது. பெருக்கித் தள்ளினேன். மறுநாளும் அதே இடத்தில் அதே கூம்பு. சிற்பத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் இடது கன்னத்தில் குண்டூசியால் குத்தியது போல ஏழெட்டுத் துளைகள். தட்டினால் மாவு கொட்டியது. மழைக்காலம் முடிவதற்குள் மூக்கை விரலால் அழுத்தினால் உள்ளே போகும் நிலைக்கு வந்துவிட்டது.

அம்மை அதைப் பார்த்துச் சிரித்தாள். "நான் உயிரோடு இருக்கும்போதே என்னை அரித்துவிட்டதே" என்றாள். அதைக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டதும் அவள்தான்.

மரச் சிற்பத்துக்கு எப்படி வந்தாய், அதிலிருந்து எந்த உருவத்தையும் காட்டாத அரூப ஓவியத்துக்கு ஏன் போனாய் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாமே பாதிப் பொய். இந்த முறை வரிசை தவறினாலும் பரவாயில்லை என்று நடந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு குலசேகரத்துக்குப் பக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் களியக்காவிளை, அதைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் தாலுகாவும் திருவிதாங்கூரோடுதான் இருந்தது. எங்களுக்கு அது பழைய கதை, ஆனால் நாக்குக்கு அது தெரியாது. அப்பா வளைகுடாவில் கொத்து வேலை செய்தார். அம்மை ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள்.

பால்வெட்டைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். விடிவதற்கு முன் போக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம். கத்தியின் முனை மடங்கி ஒரு சிறு வாய்க்கால் போல இருக்கும். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் ஒரு கோடு. ஏன் இடமிருந்து வலம் தாழ வேண்டும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அப்படித்தான் பால் வரும்" என்றாள். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை, கொஞ்சம் வலப்புறமாகச் சாய்ந்து ஏறுகின்றன, இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மை சொன்னதும் அதேதான், சுருக்கமாக.

ஒரு வெட்டுக்குப் போகிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் ஆண்டுக்கு ஒரு சாண். கஷ்டம் ஆழத்தில்தான். பால் மிகுதியாக இருப்பது பட்டையின் உள்ளடுக்கில், மரத்தை ஒட்டி. அங்கே வரை போனால்தான் சிரட்டை நிறையும். ஆனால் மரத்தில் பட்டுவிடக் கூடாது. பட்டால் அந்த இடம் காயமாகி, பிறகு முண்டு முண்டாக வீங்கும். அந்தப் பட்டையில் அடுத்த முறை கத்தி ஒழுங்காக ஓடாது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு தோலை விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். அதையும் தலையில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், கொசுக்கடியில், முந்நூறு மரத்துக்கு மேல். அம்மை கண்ணால் பார்த்து நிறுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. கத்தி போகும்போது வரும் சத்தம் ஒரு நூலளவு மாறும். அங்கே நின்றுவிடுவாள்.

சிற்பம் செதுக்குவது எப்படி என்று நான் முதலில் பார்த்தது அங்கேதான். அப்போது அதற்கு அந்தப் பெயர் இருக்கவில்லை.

1996-ல் பிளஸ் டூ முடித்தேன். ஓவியம் படிக்க விண்ணப்பித்த இடத்தில் நேர்முகத் தேர்வில் கழித்துவிட்டார்கள். களிமண்ணில் ஒரு கை செய்யச் சொன்னார்கள். எனக்குக் களிமண்ணே பழக்கமில்லை, ஆறு விரல் போல வந்தது. வீட்டில் சும்மா இருக்க முடியாது. தக்கலைக்குப் பக்கத்தில் கதவும் நிலையும் பூஜை மண்டபமும் செய்கிற ஒரு பட்டறையில் உப்புத்தாள் தேய்க்க ஆள் தேவைப்பட்டது. பெண்கள் செய்யக்கூடிய வேலை அந்தப் பட்டறையில் அது ஒன்றுதான் என்று ஒரு கணக்கு இருந்தது. எட்டு மாதம் தேய்த்தேன். பலாத்தூளின் மஞ்சள் நிறம் தலைமுடியில் ஏறி, குளித்தாலும் போகாமல், மஞ்சள் காமாலை வந்தவள் போல அலைந்தேன்.

பட்டறையின் ஆசான் அதிகம் பேச மாட்டார். வேலைக்குச் சேருகிற பையன்களுக்கு முதல் மூன்று மாதம் உளி தீட்டுவதுதான் பாடம். ஒரு நாள் பையன் வரவில்லை, உளிகள் மழுங்கிக் கிடந்தன. நான் தீட்டுக்கல்லை நனைத்து உட்கார்ந்து ஐந்து உளிகளைத் தீட்டி வைத்தேன். ஆசான் ஒன்றை எடுத்துத் தன் முன்கையில் மழித்துப் பார்த்தார். முடி சுத்தமாக வந்தது.

"யார் சொல்லிக் கொடுத்தது மக்களே?"

"அம்மை பால்வெட்டுக்காரி. ராத்திரி கத்தி தீட்டுவது என் வேலை."

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் என் இடத்தில் உப்புத்தாளுக்குப் பதில் ஒரு பலாத்துண்டும், கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலும், வளைந்த வாய் உளி ஒன்றும் இருந்தன. இதை எழுதும்போதும் அந்தக் கொட்டாப்புளியின் கைப்பிடி வழவழப்பு உள்ளங்கையில் தெரிகிறது. புளிய மரத்தில் கடைந்தது, அடித்து அடித்து ஒரு பக்கம் குழிந்திருந்தது.

இழையின் போக்கைப் படிப்பதுதான் முதல் பாடம். மரத்தின் இழை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் உளியை விட்டால் வெண்ணெய் போல் போகும். எதிர்த்துவிட்டால் பிய்த்துக்கொண்டு வரும். அரைநாள் வேலை ஒரு நொடியில் நாசம். ஒரு இலையைச் செதுக்கும்போது இலையின் பாதி வரை ஒரு திசையில் போக வேண்டும், மறு பாதிக்கு உளியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். படம் எப்படி இருந்தாலும் மரம் சொல்கிற வழிதான். இரண்டு ஆண்டுகளில் கொடி, தாமரை, கஜலட்சுமி, யாளி வரை வந்துவிட்டேன். கஜலட்சுமியில் யானைகள் எனக்கு எப்போதும் பன்றி போலத்தான் வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மரம் வாங்க ஆசான் எல்லைக்கு அப்பால் போவார். ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். பாறசாலையைத் தாண்டி ஒரு மரக்கடை. கடைக்காரர் ஒரு பலாத்தடியைக் கோடாரியின் பின்பக்கத்தால் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "நல்ல காதல் உண்டு" என்றார். எனக்கு அப்போது வயது 19. முகம் சிவந்து லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆசான் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. நாம் வைரம் பாய்ந்த மரம் என்று சொல்கிறோமே, அந்த உள்வைரத்துக்கு மலையாளத்தில் காதல் என்று பெயர். தமிழில் பழைய சொல் காழ். உள்ளே காழ் இருப்பதுதான் மரம், வெளியே காழ் இருப்பது புல் என்று தொல்காப்பியத்தின் மரபியலே பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். இரண்டையும் செதுக்கிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பிரிவு சரி. தென்னையில் வெளியே உளி துள்ளும், உள்ளே போகப் போக நார்ச்சோறு.

ரப்பர் மரத்தில் காழ் என்று தனியாக ஒன்று கண்ணுக்குப் படாது. அறுத்தால் முழுக்க ஒரே வெளுப்பு, நாள்பட்டால் இளஞ்சிவப்பு. மாவுச்சத்தும் சர்க்கரையும் அதில் அதிகம். அதனால்தான் வண்டுக்கு அது சோறு. வெட்டிய சில நாட்களுக்குள் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை மரத்துக்குள் ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்தினால் நல்ல மரச்சாமான் மரமாகிவிடும். ஏற்றாவிட்டால் வண்டும் வரும், பூஞ்சையும் வரும். அம்மையின் முகத்துக்கு நான் எடுத்தது, பால் வற்றி முறிக்கப்பட்ட ஒரு மரத்தின் அடித்துண்டு. அவள் பதினைந்து ஆண்டு வெட்டிய மரம். அதிலேயே அவள் முகத்தைச் செதுக்க வேண்டும் என்பது என் கவித்துவம். மரத்துக்கு மருந்து ஏற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. பலாவும் தேக்கும் மட்டுமே கைப்பட்ட ஆசானும் ரப்பரை மரமாகவே மதிக்காததால் சொல்லவில்லை.

அடுப்பில் போடுவதற்கு முன் அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்தேன். கன்னத்தில் துளைகளைச் சுற்றி ஒரு நீலம். மழை வரப்போகும் மேற்கு வானத்தின் நிறம். நெற்றியிலிருந்து தாடை வரை புகை இறங்குவது போல இழையோடு ஓடியிருந்தது. செதுக்கிய மூக்கையும் உதட்டையும் அது மதிக்கவே இல்லை. தன் பாட்டுக்கு அவற்றைக் கடந்து போயிருந்தது. அழகாக இருந்தது என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. முகம் கெட்டுப் போனதற்காக அழுதுகொண்டிருந்தேன். ஆனால் கண்ணுக்குள் அது நின்றுவிட்டது.

அடுத்த ஆண்டு ஆசானோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த இடம்தான். தக்கலையிலிருந்து நடந்தே போய்விடலாம். நிலம் தமிழ்நாட்டில், அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடம். வாசலில் டிக்கெட் கொடுப்பவர் மலையாளத்தில் பேசுவார், நாம் தமிழில் பதில் சொல்வோம், இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. மற்றவர்கள் 64 மூலிகை மரங்களால் ஆனதாகச் சொல்லப்படும் கட்டிலைப் பார்க்க ஓடுவார்கள். ஆசான் முகப்பு மண்டபமான பூமுகத்திலேயே நின்றுவிட்டார். அந்தக் கூரையில் 90 பூக்கள், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை.

"எத்தனை பூ உனக்குப் பெயர் தெரியும்?" என்றார்.

நான் விரல் விட்டு எண்ணி இருபது, இருபத்தைந்து என்றேன்.

"அவனுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். முப்பதாவது பூவுக்கு மேல் தோட்டத்தில் பூ கிடையாது. அதற்கப்புறம் அவன் கையில் என்ன இருந்தது?"

பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பூக்கள் போய் வட்டங்கள் தெரிந்தன. வட்டத்துக்குள் பிரிவுகள், பிரிவுக்குள் நிழல். பெயர் இல்லாத அறுபது சொச்சம் பூக்களைச் செதுக்கியவர் அரூபம் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார். அங்கிருந்து தாய்க் கொட்டாரத்துக்குப் போனோம். அரண்மனையிலேயே பழைய பகுதி அது, 1550 வாக்கில் கட்டியது என்பார்கள். அங்கே ஒற்றைப் பலாமரத்தில் இழைத்த தூண் ஒன்று இருக்கிறது. ஆசான் அதைத் தொடவில்லை, தொடக்கூடாது என்று பலகை இருந்தது. கையைத் தூணிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். இழை எங்கே திரும்புகிறது என்று காற்றிலேயே காட்டினார்.

இதற்கெல்லாம் பிறகுதான் திருவனந்தபுரம். 1998 ஓணத்தை ஒட்டி ஒரு சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மியூசியம் வளாகத்தில் ஸ்ரீசித்திரா ஓவியக்கூடம்; ரவிவர்மாவைப் பார்க்கப் போனேன், எல்லாரையும் போல. பார்த்தேன். பட்டுப்புடவையின் ஜரிகையை எப்படி வரைந்திருக்கிறார் என்று வியந்தேன், அவ்வளவுதான். அதே வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களுக்கென்று ஒரு தனிக்கூடம் இருந்தது. மழைக்கு ஒதுங்கித்தான் நுழைந்தேன். உள்ளே என்னைத் தவிர ஒரு காவலாளி, அவரும் உறக்கத்தில்.

பணிக்கரைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர். 1966-ல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். அங்கே ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் வயிறு வளர்த்தார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று என் முன் இருந்தவை 1963 வாக்கில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்கள். பரப்பு முழுவதும் பொடிப்பொடியாக எழுத்துகள். மலையாள எழுத்துப் போல இருந்தன. ஜாதகக் கட்டம் போல ஏதோ. நான் படிக்க முயன்றேன். பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு மலையாளம் படிக்கத் தெரியும். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எழுத்தின் உடல் மட்டும் இருந்தது.

அப்போது நினைவுக்கு வந்தது குலசேகரம் பஸ் நிலையம். ஐந்தாறு வயதில் அம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கேரள பஸ் ஒன்று சிவப்பாக வந்து நிற்கிறது. நெற்றியில் பெயர்ப்பலகை. தமிழ் எழுத்துகள் அப்போதுதான் பழக்கமாகி வந்தன, அதனால் பலகையிலும் தெரிந்த எழுத்தைத் தேடுகிறேன். எல்லாம் உருண்டையாக, ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, நண்டுகள் வரிசையாகப் போவது போல இருக்கிறது. அந்தப் பலகையை அவ்வளவு ஆசையாகப் பார்ப்பேன். பிறகு மலையாளம் படிக்கத் தெரிந்த அன்று நண்டுகள் மறைந்தன. நெய்யாற்றின்கரை என்று ஓர் ஊர்ப்பெயர் மிஞ்சியது. அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றாலும் நண்டுகள் திரும்பி வரவில்லை. பணிக்கரின் ஓவியத்தில் வந்தன. மழை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் அங்கே இருந்தேன். காவலாளி விழித்து, நான் எதையாவது எடுத்துவிட்டேனோ என்று பையைப் பார்த்தார்.

ஊர் திரும்பியதும் அறுப்பு மில்லுக்குப் போனேன். நீலம் பாய்ந்த ரப்பர்த் தடிகள் இருக்கிறதா என்று கேட்டேன். "அதைக் கேட்டு வருகிற முதல் ஆள் நீதான்" என்றார் மில்காரர். நீலம் ஏறியது விறகுக்கும் பெட்டிப் பலகைக்கும் போகும், விலை அடிமாட்டு விலை. பூஞ்சை நிறத்தைத்தான் கெடுக்கும், மரத்தின் பலத்தைப் பெரிதாகக் குறைக்காது. தடியின் வெட்டுமுகத்தில் நீலம் ஆப்பு ஆப்பாக வெளியிலிருந்து நடுவை நோக்கி இறங்கியிருந்தது. ஆறு துண்டுகள் எடுத்தேன். ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் போராக்ஸ் கரைத்து வாரக்கணக்கில் ஊறவைத்து, முனைகளில் மெழுகு பூசி, நிழலில் அடுக்கி உலர்த்தினேன். முனைகளுக்குப் பூசாவிட்டால் ஈரம் அங்கே வேகமாக வெளியேறி வெடிப்பு உள்ளே ஓடிவிடும். இரண்டாவது முறை வண்டிடம் தோற்க எனக்கு விருப்பமில்லை.

என்ன செதுக்குவது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. முகம் வேண்டாம் என்பது மட்டும் தெரிந்தது. நீலம் எங்கே தடிக்கிறதோ அங்கே மரத்தை விட்டுவிட்டு, வெளுப்பு இருக்கிற இடத்தைக் குடைந்தேன். குடையக் குடைய நீலத்தின் விளிம்பு திரும்பும், நானும் திரும்புவேன். முடித்தபோது படகும் இல்லை, இலையும் இல்லை. ஆசான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இழை எங்கேயும் பிய்யவில்லை" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அவரிடம் ஒருமுறை சிற்பி பிரான்குசியின் 'முடிவற்ற தூண்' படத்தைக் காட்டியிருக்கிறேன். ருமேனியக் கிராமத்தில் பிறந்து, மரவேலை கற்று, பாரிசுக்குப் போனவர். 1918-ல் அந்தத் தூணின் ஒரு வடிவத்தை ஓக் மரத்தில் செய்தார். 1938-ல் அதே வடிவம் உலோகத்தில், 29 மீட்டர் உயரத்தில், ருமேனியாவில் எழுந்தது. ஒரே சாய்சதுரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். ஆசான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தூண் நன்றாகத்தான் இருக்கிறது. உத்தரம் எங்கே?"

எத்தனையோ விமர்சனக் கட்டுரைகள் படித்துவிட்டேன். அந்தக் கேள்வி அளவுக்கு ஒன்றும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

என் வேலைகளைப் பார்க்கிறவர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள். இது என்ன, எந்தப் பக்கம் மேல், இதை வாங்கி எங்கே வைப்பது. ஒரு நகரத்துக் கண்காட்சியில் என் சிற்பத்தின் மேல் ஒருவர் பூச்சாடியை வைத்துவிட்டார், அது ஸ்டாண்ட் என்று நினைத்து. பூ வாடும் வரை இருந்தது. இன்னொருவர் விலை பேசி முடித்துவிட்டு, அந்த நீலக்கறையை மட்டும் பிளீச் போட்டு எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். ஓவியர் கெய்தோண்டே தன் ஓவியங்களை அரூபம் என்று சொல்வதை விரும்பவில்லை, பொருள் சாராதவை என்றே சொல்வார் என்று படித்திருக்கிறேன். தமிழில் அதைச் சுருக்கினால் பொருளற்ற ஓவியம் என்று வரும். எங்கள் தெருவில் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அதே தெருமுனையில் சுடலைமாடன் இருக்கிறார். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, அடியில் அகன்று மேலே குறுகி நிற்கும் பீடம். கண் இல்லை, கை இல்லை, மீசை இல்லை. ஒவ்வொரு கொடை விழாவுக்கும் வெள்ளையடித்து, சந்தனம் பூசி, மாலை சாத்துவார்கள். அதன் முன்னால் நின்று யாரும் இது என்ன என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நள்ளிரவில் அந்த வழியே போகச் சொன்னால் பெரிய பெரிய ஆட்களும் சுற்றிக்கொண்டு போவார்கள். உருவம், அருவம், அருவுருவம் என்று சைவத்தில் மூன்றாகப் பிரிப்பதை என் பாட்டி சொல்லியிருக்கிறாள். மாடனின் பீடத்தை அவள் எதில் சேர்த்தாள் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஓவியத்துக்கு வந்தது ஒரு விபத்து. ரப்பர் விதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வெயிலில் காய் படாரென்று வெடித்துச் சிதறும், நாங்கள் பொறுக்கி விளையாடுவோம். வழவழப்பான ஓட்டில் பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளியும் தீற்றலும். அந்தக் கோலத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. விதையின் ஓடு தாய்மரத்தின் திசுவிலிருந்து வருவது; அதனால் ஒரு மரத்தின் விதைகளெல்லாம் ஒரே சாயலில் இருக்கும், பழகிய கண் ஓட்டைப் பார்த்துத் தாய்மரத்தின் வகையைச் சொல்லிவிடும். தகப்பன் மரம் எதுவானாலும் ஓட்டில் தெரியாது. இந்த விதைகளைப் பெரிதாக்கிக் காகிதத்தில் மையால் வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மை கொண்டுவந்து வைத்திருந்த பால் வாளி. கை பட்டு இரண்டு சொட்டு காகிதத்தில் தெறித்தது. எரிச்சலில் அப்படியே மேலே மையைப் பூசிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் காய்ந்த பாலை விரலால் உருட்டினால் தோல் போல உரிந்து வந்தது. அடியில் காகிதம் வெள்ளையாக, விளிம்பு கத்தியால் கீறியது போலத் துல்லியமாக இருந்தது.

கடைகளில் நீர்வண்ணக்காரர்களுக்கு ஒரு சின்னக் குப்பியில், ஏகப்பட்ட விலைக்கு, மறைப்புத் திரவம் என்று விற்கிறார்களே, அதுவும் அம்மோனியா கலந்த ரப்பர் பால்தான். எங்கள் வீட்டில் அது வாளியில் இருந்தது. உறையாமல் இருக்க அம்மோனியா சேர்க்கக் கற்றுக்கொண்டேன், மூக்கு எரிந்தது. தூரிகையை முதலில் சோப்புத் தண்ணீரில் முக்காவிட்டால் மயிர் ஒட்டிக்கொண்டு தூரிகையே போய்விடும் என்பதை ஐந்து தூரிகைகள் கொடுத்துக் கற்றேன். நாள் கணக்கில் காகிதத்தில் விட்டால் பால் பிடித்துக்கொள்ளும், உரித்தால் காகிதமும் சேர்ந்து வரும். ஆக, பூசி, மேலே வண்ணம் போட்டு, காய்ந்தவுடன் உரித்துவிட வேண்டும். உரித்த இடத்தில் மறுபடி வண்ணம், மறுபடி பால். எட்டு, பத்து அடுக்கு போகும். என் வண்ணங்கள் நான்கைந்துதான். பலாத்தூள் மஞ்சள், புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டின் பழுப்பு, வெட்டுத்தடத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலின் அழுக்கு நிறம், பிறகு அந்த நீலம். நீலத்தைக் கொண்டுவர மூன்று ஆண்டு பிடித்தது. கடை நீலம் எதுவும் ஒத்து வரவில்லை. கொஞ்சம் கறுப்பும், அதைவிடக் கொஞ்சம் செம்மண் நிறமும் சேர்த்து, தண்ணீர் நிறைய விட்டு, கிட்டத்தட்ட அங்கே வந்தேன்.

சிற்பத்தை விட்டுவிட்டேனா என்றால் இல்லை. காலையில் மரம், மதியத்துக்கு மேல் காகிதம். உளி பிடித்த கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எல்லாவற்றையும் எடுத்துக் கழித்தே பார்க்கும். ஓவியத்திலும் நான் வரைவதைவிட உரிப்பதுதான் அதிகம்.

அம்மை இப்போது பால் வெட்டுவதில்லை. முழங்கால் விட்டுவிட்டது. போன தை மாதம் என் வேலைக்கொட்டகைக்கு வந்தாள். சாதாரணமாக வர மாட்டாள், அம்மோனியா வாடை ஆகாது. சுவரில் ஆறடி அகலத்தில் ஒரு ஓவியம் சாய்த்து வைத்திருந்தேன். பழுப்புப் பரப்பு, அதில் பால் உரித்த வெள்ளைக் கோடுகள், எல்லாம் இடமிருந்து வலமாகச் சரிந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக, கீழே போகப் போக நெருங்கி. இரண்டு மாத வேலை. எனக்குத் திருப்தியாக இருந்தது, அது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இது என்ன என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏழாவதோ எட்டாவதோ வந்ததும் எழுந்து அருகில் போனாள். அந்தக் கோட்டில் ஓரிடத்தில் நான் உரிக்கும்போது காகிதத்தின் மேல்தோலும் கொஞ்சம் பிய்ந்து வந்திருந்தது. மேலே வண்ணம் வைத்து மறைத்திருந்தேன். வேறு யாரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது மரத்தில் பட்டுவிட்டது" என்றாள்.